தோட்டத்திலிருந்து பார்சல்: செலவுக் கணக்கும் கூரியர் தேர்வும்

கேள்வி சுருக்கமாக இதுதான். இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து தேயிலை, மசாலாத்தூள், தைத்த பிளவுஸ் என்று பேஸ்புக்கில் விற்கத் தொடங்கியிருக்கிறீர்கள். ஓர்டர் வந்ததும் பார்சல் செலவு எவ்வளவு என்று வாடிக்கையாளருக்குச் சொல்லத் தடுமாறுகிறீர்கள். எந்தக் கூரியரை நம்புவது என்றும் தெரியவில்லை. லண்டனில் இருக்கும் அக்காவுக்கும் ஒரு பெட்டி அனுப்ப வேண்டும். நான் ஹட்டனில் கடை வைத்து, ஊராரின் பார்சல்களைப் பொறுப்பெடுத்து அனுப்புகிறவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எந்தக் கம்பனி நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். மலையகத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. கொழும்பிலிருந்து ஹட்டனுக்கோ பதுளைக்கோ எல்லாருடைய லொறியும் ஓர் இரவில் வந்து சேர்ந்துவிடும். டவுன் கிளையிலிருந்து தோட்டத்து டிவிஷனுக்கு, அதாவது தோட்டத்தின் உட்பிரிவுக்கு, போகும் கடைசிப் பத்துப் பதினைந்து கிலோமீற்றரில்தான் ஒருவருக்கொருவர் வித்தியாசம். அந்தக் கிளையில் எத்தனை பையன்கள் பைக்கில் போகிறார்கள், அக்கரப்பத்தனைப் பக்கம் கிழமைக்கு எத்தனை நாள் ஏறுகிறார்கள், தமிழில் போன் பேச அங்கே ஆள் இருக்கிறதா என்பவைதான் உங்களுக்கு வேண்டிய விபரங்கள். ஒரே கம்பனியின் பண்டாரவளைக் கிளை தங்கமாக இருக்கும். அதே கம்பனியின் இன்னொரு கிளை, பார்சலை மூன்று நாள் வைத்திருந்துவிட்டு "ஆள் இல்லை" என்று திருப்பி அனுப்பும். ஆகவே கம்பனிப் பெயரைப் பார்க்காமல் கிளையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அதை எப்படிச் செய்வது என்று பிறகு சொல்கிறேன், முதலில் காசுக் கணக்கு.

உள்ளூர்க் கூரியர் விலை பெரும்பாலும் முதல் கிலோவுக்கு இவ்வளவு, மேலதிகமாக வரும் ஒவ்வொரு கிலோவுக்கும் இவ்வளவு என்ற முறையில் இருக்கும். தொகை அடிக்கடி மாறுவதால் இன்றைய விலையை எழுதிப் பயனில்லை. கணக்குக்காக முதல் கிலோ 400 ரூபாய், மேலதிகக் கிலோ 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ தேயிலைக்கு ஓர்டர் வருகிறது. நீங்கள் 400 ரூபாய் என்று சொல்லிவிடுகிறீர்கள். பக்கெட், அட்டைப்பெட்டி, டேப் எல்லாம் சேர்த்துத் தராசில் வைத்தால் 1.15 கிலோ காட்டுகிறது. அரைகுறையை மேல்நோக்கித்தான் எடுப்பார்கள். ஆக அது 2 கிலோ, 480 ரூபாய். அந்த 80 ரூபாய் உங்கள் லாபத்திலிருந்து போகும். அதே தேயிலையை ஒரு கிலோவாக விற்காமல் 400 கிராம் பக்கெட் இரண்டாக, அதாவது 800 கிராமாக விற்றால் பெட்டியோடு சேர்த்து ஒரு கிலோவுக்குள் நிற்கும். சில்லறை வியாபாரத்தில் பக்கெட் அளவைக் கூரியரின் எடைப் படிகளைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். சமையலறைத் தராசு ஒன்றும் தையல் டேப் ஒன்றும் மேசையில் இருந்தால் போதும்.

தையல் டேப் எதற்கு என்றால், பருமன் எடை என்று ஒன்று இருக்கிறது. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் அளந்து பெருக்கி 5000ஆல் வகுத்தால் வருவது. உண்மை எடை, பருமன் எடை இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் காசு. டீஎச்எல், ஃபெடெக்ஸ், யூபிஎஸ் மாதிரி வெளிநாட்டு எக்ஸ்பிரஸ் கம்பனிகள் 5000ஆல் வகுப்பார்கள், சாதாரண விமானச் சரக்கில் 6000 வழக்கம். உள்ளூர்க்காரர்களில் சிலர் பெரிய பெட்டியைக் கண்டால் மட்டும் டேப்பை எடுப்பார்கள். 40, 30, 25 சென்ரிமீற்றர் பெட்டி ஒன்றைப் பெருக்கினால் 30,000. 5000ஆல் வகுத்தால் 6 கிலோ. உள்ளே இருப்பது 2 கிலோவுக்குச் சற்றுக் குறைந்த பிளவுஸ்தான் என்றாலும் 6 கிலோவுக்கு 800 ரூபாய் கேட்கலாம். அதே துணியை 30, 25, 20 பெட்டிக்குள் அமுக்கி வைத்தால் 3 கிலோ, 560 ரூபாய். பெட்டியே வேண்டாம் என்று தடித்த கூரியர் பையில் காற்றை எடுத்து ஒட்டினால் எடை 2 கிலோவுக்குள்ளேயே நிற்கும், 480 ரூபாய். துணிக்குப் பெட்டி தேவையே இல்லை.

இதை மனதில் வைக்க இலகுவான வழி: ஒரு கிலோ பொருள் ஐந்து லீற்றர் இடத்துக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்கினால் தராசு சொல்வதுதான் கணக்கு. அதற்கு மேல் பரந்தால் டேப் சொல்வது கணக்கு. டஸ்ட், பிஓபிஎஃப் போன்ற பொடித் தேயிலை அடர்த்தியாக இருப்பதால் பிரச்சினை இல்லை. ஓபி மாதிரி நீள இலைத் தேயிலை அதே எடைக்குக் கூடிய இடம் பிடிக்கும், அதை அழகான பெரிய டப்பாவில் போட்டு விற்கும்போது கவனம் வேண்டும். இன்னொன்று, தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். மசாலாத்தூளையும் தேயிலையையும் ஒரே பெட்டியில் அனுப்பிக் கூரியர் காசை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். மிளகு வாசத்தோடு தேத்தண்ணீர் குடித்தவர் திரும்ப ஓர்டர் போட மாட்டார்.

விலைப் பட்டியலில் கண்ணில் படாத சில தொகைகளும் உண்டு. வீட்டுக்கு வந்து எடுக்கத் தனிக்காசா, தூரப் பகுதிக்கு மேலதிகமா, பொருள் கொடுத்துக் காசு வாங்கும் முறைக்குக் அவர்கள் கழித்துக்கொள்வது எத்தனை வீதம், 18 வீத வற் (VAT) வரி சேர்த்துச் சொன்ன விலையா சேர்க்காததா என்று கேளுங்கள். ஒவ்வொன்றாகக் கேட்கச் சங்கடமாக இருந்தால், "இந்தப் பெட்டி, இந்த முகவரி, கடைசியாக நான் கொடுப்பது எவ்வளவு" என்று ஒரே கேள்வியாகக் கேட்டு, பதிலை வட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்ன விலை மாதக் கடைசி பில்லில் மாறும்.

பேஸ்புக் வியாபாரத்தில் பெரிய ஓட்டை திரும்பி வரும் பார்சல்தான். 20 பார்சல் அனுப்புகிறீர்கள், ஒன்றுக்கு 450 ரூபாய், மொத்தம் 9,000. மூன்று திரும்பி வருகிறது. திரும்பும் பயணத்துக்கும் கம்பனி முழுக்காசு எடுத்தால் இன்னொரு 1,350. ஆக 10,350 ரூபாய் செலவழித்து 17 பார்சல்தான் விற்றிருக்கிறீர்கள், ஒன்றுக்கு ஏறக்குறைய 609 ரூபாய். வாடிக்கையாளரிடம் 450 வாங்கினால் ஒவ்வொரு பார்சலிலும் 159 ரூபாய் கைநஷ்டம். சில கம்பனிகள் திரும்பும் பார்சலுக்குப் பாதிக் காசு எடுக்கும், சில எடுக்காது. முதல் கிலோ விலையில் 20 ரூபாய் குறைத்துத் தரும் கம்பனியைவிட, திரும்பியதற்குக் காசு எடுக்காத கம்பனி உங்களுக்கு மலிவு. பேரம் பேசுவதென்றால் இந்த இடத்தில் பேசுங்கள். வசூலித்த காசு உங்கள் வங்கிக் கணக்குக்கு எத்தனை நாளில் வரும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். போட்ட முதல் அங்கேயே மாட்டிக்கொள்ள, அடுத்த சரக்கு வாங்கக் கையில் காசில்லாமல் நின்ற சின்ன வியாபாரிகளைப் பார்த்திருக்கிறேன்.

தோட்டங்களுக்கு அனுப்பும்போது பார்சல் ஏன் திரும்புகிறது? வாங்குகிறவர் ஏமாற்றுகிறார் என்று உடனே நினைக்க வேண்டாம். பையன் பகல் பதினொரு மணிக்கு வருகிறான், அந்த நேரம் ஆள் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருக்கும், அங்கே போனுக்கு சிக்னல் இருக்காது. இரண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டு அவன் போய்விடுவான். ஆகவே ஓர்டர் எடுக்கும்போதே இரண்டு போன் இலக்கம் வாங்குங்கள், ஒன்று பகலில் வீட்டிலோ லயத்திலோ (தோட்டத்து வரிசை வீடுகளிலோ) இருக்கும் ஆளுடையதாக இருக்கட்டும். பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில்) வேலை செய்கிறவர், தோட்டத்துக் கடைக்காரர், கோயில் பக்கத்து வீட்டுக்காரர் யாராவது காசைக் கொடுத்து வாங்கி வைப்பார்களா என்றும் கேட்கலாம். அப்புறம் திகதி. தோட்டச் சம்பளம் மாதம் 10ஆம் திகதியை ஒட்டித்தான் கைக்கு வரும். 5ஆம், 6ஆம் திகதி போய்ச் சேரும் பார்சலுக்கு வீட்டில் காசிருக்காது. சம்பளத்துக்குப் பிறகு போய்ச் சேருகிற மாதிரி அனுப்பினாலே திரும்புவது கணிசமாகக் குறையும். எந்தக் கூரியர்காரரும் இதை உங்களுக்குச் சொல்லித்தர மாட்டார்.

அடுத்தது முகவரி. லயத்துக்கு வீதிப் பெயர், வீட்டு இலக்கம் என்று ஒழுங்காக இல்லாத தோட்டங்கள் இன்னும் நிறைய. கடிதமே தோட்டக் கந்தோருக்கு (அலுவலகத்துக்கு) வந்து அங்கிருந்துதான் கைமாறும். தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதினால் ஃபெக்டரி வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டுப் போவான். பெயர், லய இலக்கம், மேல் டிவிஷனா கீழ் டிவிஷனா, தோட்டம், தபால் கந்தோர், கிட்டிய டவுன், அடையாளத்துக்குக் கோயிலோ கொழுந்து நிறுக்கும் மடுவமோ பாடசாலையோ, இவ்வளவும் வேண்டும். தோட்டத்துக்கு நம் ஆட்கள் வழங்கும் பெயர் ஒன்று, கந்தோர் பதிவில் ஆங்கிலப் பெயர் ஒன்று இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். பையன் எந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்பான் என்று தெரியாது. ஊர்ப் பெயரிலும் கவனம். அக்கரப்பத்தனைப் பார்சல் அம்பாறை மாவட்டத்து அக்கரைப்பற்றுக்கும், பண்டாரவளைப் பார்சல் களுத்துறைப் பக்கத்து பண்டாரகமைக்கும் போய் ஒரு கிழமை கழித்துத் திரும்பி வருவது நடக்கிற கதை. கொழும்பில் பிரிக்கிறவர் ஆங்கில எழுத்தைப் பார்த்து அவசரத்தில் பிரிப்பார். மாவட்டத்தையும் தபால் குறியீட்டையும் எழுதினால் இது நடக்காது. ஹட்டனுக்கு 22000, நுவரெலியாவுக்கு 22200, பண்டாரவளைக்கு 90100.

இனி கிளையைச் சோதிப்பது. கொழும்பு ஹொட்லைனுக்கு அடிக்காதீர்கள், அங்கே எல்லாவற்றுக்கும் "இரண்டு நாளில் கிடைக்கும்" என்றுதான் பதில் வரும். பெறுகிறவரின் ஊர்க் கிளை இலக்கத்தைத் தேடி எடுத்து, "இந்தத் தோட்டத்து இந்த டிவிஷனுக்குக் கிழமையில் எந்தெந்த நாள் போவீர்கள்" என்று கேளுங்கள். தெரிந்த கிளை உடனே நாளைச் சொல்லும். "வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்றால் அங்கே வீட்டு விநியோகம் பெயரளவில்தான் இருக்கிறது. அது தெரிந்திருந்தால் வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம். டவுனுக்கு வந்து எடுப்பதைப் பலர் பெரிதாக நினைக்க மாட்டார்கள், ஆனால் சொல்லாமல் அலைய விட்டால் கோபம் வரும். எத்தனை தடவை முயன்ற பிறகு திருப்புவார்கள் என்றும் கேளுங்கள். அப்புறம் இரண்டு மூன்று கம்பனியில் ஆளுக்கொரு சின்னப் பார்சல், சொந்தக்காரர் முகவரிகளுக்கு அனுப்பிப் பாருங்கள். பார்சல் எந்த நாள் வந்தது என்பதோடு, இணையத்தில் காட்டும் நிலவரம் உண்மையோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். போனே அடிக்காமல் "வாடிக்கையாளர் பதில் தரவில்லை" என்று பதிவு போடும் கிளையோடு வியாபாரம் வேண்டாம்.

அரச தபாலை விட்டுவிடாதீர்கள். உப தபால் கந்தோர்களையும் சேர்த்தால் நாடு முழுதும் நாலாயிரத்துக்கு மேல் இருக்கிறது, எந்தக் கூரியரும் கிட்ட வர முடியாது. தனியார் பைக் ஏறாத தோட்டத்துக்கும் தபால் போகும். தபாலின் சொந்தக் கூரியர் சேவையும் இருக்கிறது, பொருள் கொடுத்துக் காசு வாங்கித் தரும் ஏற்பாடும் இருக்கிறது. குறை என்னவென்றால் வேலைநிறுத்தம் வந்தால் எல்லாம் அப்படியே நிற்கும், 2025 ஓகஸ்டில் நின்றது நினைவிருக்கும். அவசரமில்லாத, உள்தோட்டத்துப் பார்சலுக்கு என் முதல் தெரிவு தபால்தான். காசு வசூலிக்க வேண்டியதும் டவுனுக்குக் கிட்டியதும் என்றால் கூரியர்.

பஸ்ஸில் போட்டுவிடுவதும் நம் பக்கத்தில் பழைய பழக்கம். காலையில் ஹட்டன் கொழும்பு பஸ்ஸில் கொடுத்தால் பின்னேரத்துக்குள் புறக்கோட்டையில் எடுத்துவிடலாம், அந்த வேகம் வேறு எதிலும் கிடையாது. ஆனால் பற்றுச்சீட்டு இல்லை, காணாமல் போனால் கேட்க ஆளில்லை. பஸ் இலக்கத்தைப் படமெடுத்து, கண்டக்டரின் போன் இலக்கத்தோடு பெறுகிறவருக்கு அனுப்புங்கள். தெரிந்தவர்களுக்கு மட்டும் இப்படிச் செய்யலாம், வாடிக்கையாளருக்கு வேண்டாம். மூட்டைக் கணக்கில் பாரமான சரக்கு என்றால் ரயில் பார்சல் மலிவு. நிலையத்தில் கொடுத்து நிலையத்தில் எடுக்க வேண்டும், சொன்ன நாளில் எடுக்காவிட்டால் தாமதக் காசு ஏறும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையக ரயில் பாதையைப் பல இடத்தில் உடைத்துப் போட்டது, ஆகவே நிலையத்தில் கேட்காமல் மூட்டை கட்டாதீர்கள்.

மழையும் பண்டிகையும் நாள் கணக்கை மாற்றும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் மழையில் கினிகத்தேனை, ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மண்சரிவு, பனிமூட்டம். ஆண்டுக் கடைசியில் வடகீழ் மழை பதுளைப் பக்கத்தைப் பிடிக்கும். சிவனொளிபாதமலை யாத்திரைக் காலத்து வார இறுதிகளில் மஸ்கெலியா வீதியில் நெரிசல், ஏப்ரலில் நுவரெலியா சீசன். தீபாவளிக்கு முந்திய இரண்டு கிழமை கிளைகளில் பார்சல் மலையாகக் குவியும். அந்த நாட்களில் பிளவுஸ் ஓர்டருக்குக் கடைசித் திகதி ஒன்றை நீங்களே அறிவித்து, அதற்குப் பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் எடுக்காதீர்கள்.

காணாமல் போனால் என்ன கிடைக்கும் என்பது வேபில்லின் (கூரியர் தரும் பற்றுச்சீட்டின்) பின்பக்கத்துச் சின்ன எழுத்தில் இருக்கும். காப்புறுதி எடுக்காத பார்சலுக்கு இழப்பீட்டு எல்லை மிகக் குறைவாக எழுதப்பட்டிருக்கும், பொருளின் முழு விலை வராது. விலை கூடிய சேலை போன்றவற்றுக்குப் பெறுமதியை எழுதிக் காப்புறுதி எடுங்கள், மற்றவற்றுக்குத் தேவையில்லை. ஒட்டுவதற்கு முன் உள்ளே இருப்பதையும், ஒட்டிய பிறகு முகவரி தெரியவும், தராசில் வைத்தபடியும் மூன்று படம் எடுத்து வைத்தால் பேச்சுக்கு ஆதாரம் இருக்கும்.

கடைசியாக அக்காவின் லண்டன் பெட்டி. எக்ஸ்பிரஸில் அனுப்பினால் பருமன் எடை ஒரு சென்ரிமீற்றரைக்கூட விடாது. 45, 35, 30 பெட்டி 9.45 கிலோ என்று வந்து 9.5 கிலோவாகக் கணக்காகும், உள்ளே 6 கிலோதான் இருந்தாலும். அதற்கு மேல் எரிபொருள் மேலதிகக் கட்டணம். அவசரமில்லை என்றால் தபாலின் ஈஎம்எஸ் என்ற வெளிநாட்டு விரைவுச் சேவை விலையையும், கண்டி, ஹட்டன் பார்சல் முகவர்கள் சொல்லும் விலையையும் ஒப்பிடுங்கள். முகவர் மலிவாகச் சொன்னால் யாருடைய பெயரில் போகிறது, வீட்டுக்கே போகுமா, வரியும் சேர்ந்ததா என்று கேளுங்கள். தனியாள் தனியாளுக்கு அனுப்பும் அன்பளிப்பு 39 பவுண் பெறுமதி வரை பிரித்தானியாவில் வரியில்லாமல் போகும். அதைத் தாண்டினால் வற், 135 பவுணைத் தாண்டினால் சுங்கவரியும் வரலாம், அவற்றோடு கொண்டுபோகும் கம்பனியின் கையாளும் கட்டணமும் அக்கா தலையில் விழும். "அன்பளிப்பு" என்று மட்டும் எழுதாமல் தேயிலை 1 கிலோ, மிளகாய்த்தூள் 500 கிராம், பருத்திப் பிளவுஸ் 3 என்று பொருள்வாரியாகப் பெறுமதியோடு எழுதுங்கள். பச்சைக் கறிவேப்பிலை, நெய், பால்கோவா வைக்காதீர்கள், அங்கே எடுத்து எறிந்துவிடுவார்கள். பவர் பேங்க், வாசனைத் திரவியப் போத்தல் விமானத்தில் பிரச்சினை. அக்காவின் சிநேகிதிகள் கேட்டார்கள் என்று தேயிலையை விற்பனைக்கு அனுப்பத் தொடங்கினால் அது அன்பளிப்பு ஆகாது. வியாபாரமாக ஏற்றுமதி செய்ய இலங்கைத் தேயிலைச் சபையில் பதிவு வேண்டும்.

பெட்டி போனதும் பற்றுச்சீட்டு இலக்கத்தை அக்காவுக்கு அனுப்புங்கள். பார்சல் தேங்கி நிற்கிறது, சிறுதொகை கட்டுங்கள் என்று தபால் பேரிலும் கூரியர் பேரிலும் வரும் பொய் எஸ்எம்எஸ் இங்கேயும் சுற்றுகிறது, அங்கேயும் சுற்றுகிறது. லிங்கை அழுத்தி வங்கிக் கார்ட் இலக்கத்தைக் கொடுக்காமல், கையில் இருக்கும் இலக்கத்தை அந்தந்தக் கம்பனியின் சொந்தத் தளத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.